பேரப்பிள்ளைகளை வளர்க்கப் பத்திரம் வாங்க வேண்டாம்

சாத்தூர் அருகேயுள்ள கிராமத்திலிருந்து 61 வயதுப் பாட்டி ஒருவர் தம் பேரனைக் கொண்டு எழுதியனுப்பிய கேள்வி: "என் மகள் இரண்டு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகக் கோளாறில் இறந்துவிட்டாள். திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய மருமகன் திரும்பவே இல்லை. 12 வயதுப் பேரனும் 8 வயதுப் பேத்தியும் என்னிடம்தான் இருக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் கூலி போதவில்லை. 'கார்டியன் பத்திரம்' இருந்தால்தான் பள்ளிக்கூடத்திலும் அரசாங்கத்திலும் எடுபடும், 18,000 ரூபாய் ஆகும் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. அவர் தரப்போவது முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து நோட்டரி முத்திரை குத்திய உறுதிமொழிப் பத்திரம் மட்டுமே. சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு மூதாட்டி, அப்படியொரு தாளை லேமினேஷன் செய்து மஞ்சள் பைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதற்காகக் காதுத்தோட்டை அடகு வைத்திருந்தார். அந்தத் தாளால் அவருக்கு எந்த உரிமையும் வரவில்லை. ஒரு குழந்தைக்குச் சட்டப்படி காப்பாளரை (கார்டியனை) நியமிக்கும் அதிகாரம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்கு உண்டே தவிர, நோட்டரிக்குக் கிடையாது.

உங்கள் இப்போதைய தேவைகளுக்கு அந்த நீதிமன்ற உத்தரவும் அவசியமில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவரையே காப்பாளர் என்கிறது. ஆகவே பள்ளியில் நீங்கள் போடும் கையெழுத்து செல்லும். தகப்பன் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

உதவித்தொகைக்கு நீங்கள் போக வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ் அல்ல, விருதுநகரிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. வழி தெரியாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறக் குடும்பமானால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அலகில் சொல்வார்கள். இரண்டு விண்ணப்பத்துக்கும் கட்டணம் இல்லை.

அங்கே உங்களைத் தடுக்கப்போகும் ஒரு சொல்லை இப்போதே சொல்லிவிடுகிறேன். "தகப்பன் உயிரோடுதானே இருக்கிறார்? ஏழு வருடம் காணவில்லை என்றால்தான் இறந்ததாக எடுத்துக்கொள்ள முடியும், பிறகு வாருங்கள்" என்பார்கள். இந்த ஏழு வருடக் கணக்கு, ஒருவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அனுமானிப்பதற்கான சாட்சியச் சட்ட விதி. சொத்து, காப்பீடு போன்ற வழக்குகளில் பேசப்படுவது. உங்கள் மருமகன் இறந்துவிட்டார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. அவர் பிள்ளைகளைக் கைவிட்டுப் போய்விட்டார் என்பதுதான் உங்கள் கோரிக்கை. தாய் இறந்து தகப்பன் கைவிட்ட பிள்ளைகளும் அன்புக்கரங்கள் திட்டத்தில் வருகிறார்கள். காவல் நிலையத்தில் மருமகனைக் காணவில்லை என்று புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மகளின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் ஆதார், படிப்புச் சான்று ஆகியவற்றோடு அந்த ரசீதையும் சேர்த்து, ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்பு பிள்ளைகளோடு நேரில் செல்லுங்கள். பிள்ளைகளை உண்மையில் பராமரிப்பவர் என்று உங்களைக் காப்பாளராக ஏற்கும் அதிகாரம் இளைஞர் நீதிச் சட்டப்படி அந்தக் குழுவுக்கு உண்டு. எட்டு வயதுப் பிள்ளையை ஏழு வருடம் காத்திருக்கச் சொன்னால் பதினைந்து வயதாகிவிடும் என்பது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் உறைப்பதில்லை என்று இத்தனை ஆண்டுகளாகியும் எனக்கு விளங்கவில்லை.

குடும்ப அட்டை இன்னொரு இழுபறி. மருமகனின் அட்டையில் பிள்ளைகள் பெயர் நீக்கப்பட்டால்தான் உங்கள் அட்டையில் ஏறும். குழுவிடம் பெறும் உத்தரவின் நகலை வைத்து வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுக் கொடுங்கள்.

கடிதத்தின் கடைசியில், மகள் பெயரிலுள்ள மூன்று சென்ட் இடத்தை அதே ஆள் விற்றுத்தருவதாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். 18,000 ரூபாயைவிட எனக்கு அதுதான் கவலை. உயில் இல்லாததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த இடம் இரண்டு பிள்ளைகளுக்கும் மருமகனுக்கும் சொந்தம். பிள்ளைகளின் பங்கை விற்க வளர்ப்பவர் என்ற முறையில் உங்களுக்கு அதிகாரம் இல்லை; பெற்ற தகப்பனே விற்பதானாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். எனவே எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள். சொத்தைப் பற்றி நீதிமன்றம் போக நேர்ந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள். மகளின் பத்திரத்தை அதுவரை உங்கள் பெட்டியிலேயே வையுங்கள்; நகல் எடுக்க வேண்டும் என்று கேட்டாலும் அந்த ஆளிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே கூடப் போய் எடுத்து வாருங்கள்.