கோபத்துக்கு முப்பது வயது: நூ-மெட்டல் கேள்வி பதில்

90களில் கிளம்பிய ராக் இசை வகையான நூ-மெட்டல் பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் கேள்வி கேட்டீர்கள், மீதிப் பேர் திட்டினீர்கள். திட்டியவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு எல்லா மெட்டலும் ஒரே கத்தல்தான். இதில் 'நூ' எங்கே வந்தது?

கத்தலை விடுங்கள், கிட்டாரைக் கவனியுங்கள். 80களின் மெட்டலில் கிட்டார்காரர்தான் ராஜா. வேகம் காட்டுவார், இரண்டு நிமிடம் சோலோ வாசிப்பார். நூ-மெட்டலில் சோலோ அநேகமாகக் கிடையாது. கிட்டாரும் டிரம்ஸ் மாதிரி அடித்து அடித்து நிற்கும், பாடகர் அதன் மேல் ராப் பாடுவார், பல குழுக்களில் டிஜே ஒருவர் இசைத்தட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஹிப்ஹாப் கேட்டு வளர்ந்த வெள்ளைக்கார, லத்தீனோ, ஆர்மீனியப் பையன்கள் மெட்டல் வாசித்தால் வேறு எப்படி வரும்?

கேள்வி: எல்லாரும் கோர்ன் குழுவிலிருந்தே தொடங்குகிறார்கள். ஃபெயித் நோ மோர், ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் எல்லாம் முன்னாலேயே செய்யவில்லையா?

செய்தார்கள். 1991இல் மெட்டல் குழு ஆன்த்ராக்ஸும் ராப் குழு பப்ளிக் எனிமியும் சேர்ந்தே ஒரு பாட்டுப் போட்டார்கள். ஆனால் மெட்டலையும் ராப்பையும் கலந்தது மட்டுமே நூ-மெட்டல் இல்லை. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட், எண்ணெய்க் கிணறும் வயலும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து வந்த கோர்ன் 1994இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதன் கடைசிப் பாட்டில் பாடகர் ஜொனாதன் டேவிஸ், சிறுவயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பாடப்போய், நடுவிலேயே உடைந்து அழுகிறார். தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன் ஒலிப்பதிவை நிறுத்தவில்லை. அந்த அழுகை அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. சாத்தானும் வாளும் போரும் பாடிக்கொண்டிருந்த மெட்டலில் ஓர் ஆண் பிள்ளை தேம்பி அழுதது, அதுவரை நடக்காத காரியம். அதனால்தான் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் சாதாரண ஆறு கம்பி கிட்டார்தான் இருக்கிறது. அந்தச் சத்தம் வருமா?

தாராளமாக வரும் தம்பி. கோர்ன் வாசித்தது ஏழு கம்பி ஐபனெஸ் கிட்டார். கிட்டார் வித்தகர் ஸ்டீவ் வாய் தன் வித்தைக்காக வடிவமைத்த ரகம் அது. இவர்கள் அதையும் முழுச் சுரம் இறக்கி, தடித்த கம்பியை 'ஏ'வுக்குக் கொண்டுபோனார்கள். வித்தை எதுவும் காட்டவில்லை, அடியில் இருக்கும் அந்த உறுமல் மட்டும் போதும் என்றிருந்தார்கள். ஸ்லிப்நாட் குழு முதல் ஆல்பத்தை ஆறு கம்பியிலேயே டிராப்-பி வைத்து, அதாவது தடித்த கம்பியை 'பி' வரை இறக்கி, முடித்துவிட்டது. நீ முதலில் தடித்த கம்பியை மட்டும் 'டி'க்கு இறக்கும் டிராப்-டி வைத்துப் பழகு, ஒற்றை விரலில் பவர் கார்டு என்ற கனமான சுரக்கூட்டு கிடைக்கும். அதற்கும் கீழே போவதென்றால் கம்பியைத் தடிமனாக மாற்றிவிடு, இல்லாவிட்டால் துணி காயப்போடும் கொடி மாதிரி தொளதொளவென்று ஆடும். இன்னொன்று: ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனை முழுக்கத் திருப்பாதே. கனம் வலது கையில் இருக்கிறது.

கேள்வி: லிம்ப் பிஸ்கிட்டை வைத்துக்கொண்டு இந்த இசை நன்றாக வயதாகியிருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? வுட்ஸ்டாக் 99 இசை விழாவை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. 1999 ஜூலை, நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரம், பழைய விமானப்படைத் தளம். தார்த்தரை, கொளுத்தும் வெயில், ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர், நிரம்பி வழிந்த கழிவறைகள். சனிக்கிழமை இரவு லிம்ப் பிஸ்கிட் ஏறியதும் கூட்டம் பலகைகளைப் பிய்த்தது. பெரிய தீ எரிந்தது மறுநாள், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது. அதனால் பழி முழுவதையும் லிம்ப் பிஸ்கிட் பாடகர் ஃபிரெட் டர்ஸ்ட் தலையில் கட்டுவது நியாயமில்லை. தண்ணீரை அந்த விலைக்கு விற்றவர்கள் முதலில் பதில் சொல்லட்டும்.

ஆனால் அந்த மூன்று நாளில் பெண்கள் பலர் பாலியல் தாக்குதலுக்கு ஆளானார்கள். விட்டுப்போன காதலியைத் திட்டுவதையே பிழைப்பாக்கிய பாட்டுகளை அந்தக் கூட்டம்தான் கூடவே பாடியது. இன்று அவற்றைக் கேட்கும்போது எனக்குக் கை தானாகவே அடுத்த பாட்டுக்குப் போகிறது. இத்தனைக்கும் அந்தக் குழுவின் வெஸ் போர்லாண்டின் கிட்டார் இன்றைக்கும் புதுசாக ஒலிக்கிறது, அதுதான் எரிச்சல். 2000இல் வந்த அவர்கள் ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 10 லட்சத்தைத் தாண்டி விற்றது. அன்று கெத்தாக இருந்த பகுதிதான் இன்று கேட்க முடியாமல் இருக்கிறது. கோர்ன் மாதிரி 'அழுமூஞ்சி' என்று கேலி செய்யப்பட்ட பகுதி நிற்கிறது.

கேள்வி: எனக்கு 16 வயது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு டெஃப்டோன்ஸ் பிடிக்கும். அப்பா "அது எங்க காலத்துப் பாட்டு" என்று உரிமை கொண்டாடுகிறார். யாருடையது?

உங்களுடையதுதான்மா. உங்கள் அப்பாவின் தலைமுறையில் டெஃப்டோன்ஸ் எப்போதும் இரண்டாம் வரிசைதான். அதன் பாடகர் சீனோ மொரேனோ என்ன பாடுகிறார் என்றே பாதி நேரம் புரியாது. கோபமா, காமமா, தூக்கக் கலக்கமா என்று சொல்ல முடியாத குரல். 2000இல் வந்த 'ஒயிட் போனி' ஆல்பத்தைக் காதில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். அப்பாவையும் கூப்பிடலாம்.

கேள்வி: சிஸ்டம் ஆஃப் எ டவுன் நூ-மெட்டலா இல்லையா? நண்பர்களுக்குள் சண்டை.

சண்டை தொடரட்டும், எனக்குத் தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லை. நான்கு பேருமே ஆர்மீனிய வம்சாவளி. ஒட்டோமான் துருக்கியில் 1915இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலையை முதல் ஆல்பத்திலிருந்தே பாடினார்கள். 2001 செப்டம்பர் 4இல் வெளிவந்த 'டாக்ஸிசிட்டி', இரட்டைக் கோபுரம் விழுந்த அதே வாரம் அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பெரிய வானொலி நிறுவனம் ஒன்று சுற்றுக்கு விட்ட 'இப்போது போட வேண்டாம்' பட்டியலில் அவர்கள் பாட்டும் ஏறியது. இனப்படுகொலையின் நூறாம் ஆண்டில், 2015 ஏப்ரல் 23 அன்று, ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் குடியரசுச் சதுக்கத்தில் மழையில் இலவசமாக வாசித்தார்கள். தாத்தா பாட்டி தப்பி ஓடிவந்த கதையைப் பேரன்கள் ஆர்மீனிய மண்ணிலேயே போய்ப் பாடுவது என்றால் என்ன என்று தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காணொளி கிடைக்கிறது, பாருங்கள்.

கேள்வி: பெண்களே இல்லையா?

குறைவு. கனடாவின் கிட்டி, பள்ளி வயதுப் பெண்கள் தொடங்கிய குழு. அவர்களைப் பலர் வேடிக்கைப் பொருளாகத்தான் பார்த்தார்கள். பெண் பாடகியைக் கொண்ட எவனெசென்ஸ் குழு 2003இல் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அந்த முதல் பாட்டில் ஓர் ஆண் குரல் இருந்தே ஆக வேண்டும் என்று இசை நிறுவனம் பிடிவாதம் பிடித்தது. அந்த ராப் பகுதி இன்றும் சட்டையில் தைத்த ஒட்டு மாதிரி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

கேள்வி: செஸ்டர் இல்லாத லிங்கின் பார்க்கைக் கேட்பது துரோகம் இல்லையா?

இல்லை. 2017இல் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்துபோன பிறகு ஏழு வருடம் காத்திருந்து, 2024இல் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங்கைக் கொண்டுவந்தார்கள். செஸ்டர் மாதிரியே பாடும் ஓர் ஆளைப் பிடித்து வந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். பழைய பாட்டுகளை எமிலி பாடும்போது அரங்கமே செஸ்டரின் வரிகளை வாங்கிக்கொண்டு பாடுகிறது. நானும் வீட்டிலிருந்து பாடினேன். பக்கத்து வீட்டில் கதவைத் தட்டினார்கள்.