லினக்ஸில் ‘லைவ்’ என்றால் என்ன? விண்டோஸ் போய்விடாதா?

லினக்ஸ் என்பது விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளம். கணினியில் எதையும் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே அந்த முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்ப்பதுதான் லைவ். கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கிறவர் பல்லைப் பார்த்து, நாலடி நடத்திப் பார்த்துவிட்டுத்தானே பணத்தை எடுக்கிறார்? அதே கதைதான்.

நிறுவாமல் ஓட்டுவது எப்படிச் சாத்தியம்? நீங்கள் மாற்றும் அமைப்புகள், சேமிக்கும் கோப்புகள் எல்லாம் ரேமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில்தான் உட்காருகின்றன. அணைத்தால் எல்லாம் போய்விடும். லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22-க்கு 4 ஜிபி ரேம் இருந்தால் நல்லது.

கணினியை இயக்கியதும் எஃப்12 (சிலவற்றில் எஃப்9) விசையைத் தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் அழகில் மயங்க வேண்டாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, அதைப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் கம்பெனிக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும்: அது விண்டோஸுக்கானது. அப்புறம், லைவில் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அது பென்டிரைவின் வேகம்.

ஓட்டிப் பார்த்தாலே விண்டோஸ் அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை, பென்டிரைவில் லினக்ஸை ஏற்றும்போது அழிவது அந்தப் பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தவைதான், ஹார்டு டிஸ்க்கில் ‘இன்ஸ்டால்’ கொடுக்கும்வரை விண்டோஸ் அப்படியே இருக்கும்.