மிக்சியைப் பிரிக்கும் பையனுக்கு எந்தப் படிப்பு?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். 6-ஆம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று நிற்கிறான். ஆனால் வீட்டில் மிக்சி, பழைய செட்டாப் பாக்ஸ் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறான். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன், “சாஃப்ட்வேர்லதான் சம்பளம். ஹார்டுவேர்னா ரிப்பேர் கடைதான்” என்று சொல்லி, ஒரு காலேஜில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் பேசி வைத்திருக்கிறார். பய சொன்னாக் கேக்க மாட்டேங்கான். என்ன செய்வது?
– ஒரு தாய், தக்கலை.

பதில்: சகோதரி, மிக்சியைப் பிரிப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் படிப்புக்கு அதைவிட நல்ல அறிகுறி வேண்டுமா? பிரித்ததைத் திரும்ப மாட்டுகிறானா என்று மட்டும் கவனியுங்கள்.

அண்ணன் சொல்வதில் சம்பளக் கணக்கு ஓரளவு சரி. ரிப்பேர் கடைக் கணக்குதான் தப்பு. மின்சாரம் ஓடும் சர்க்யூட், அதை நடத்தும் ப்ரோகிராம், இரண்டும் தெரிந்தவர்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியர்.

ஆரல்வாய்மொழி பக்கம் போகும்போது முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். புதிய காற்றாலைகளின் உச்சியில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் சிறு கருவிகள் உண்டு. உள்ளே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அவற்றை ஓயாமல் வாசித்து, காற்றாலையின் தலையைக் காற்றுக்கு நேராகத் திருப்புகிறது. காற்று கூடினால் இறக்கைகளின் சாய்வை மாற்றுகிறது, அளவு மீறினால் நிறுத்தியே விடுகிறது. ஆடிக்காற்றில் அது யோசித்துக்கொண்டு நிற்க முடியாது, குறித்த நேரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். எந்தச் சிப்பைப் போடுவது, சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எப்படி எண்ணாக்குவது, சூடும் அதிர்வும் தாங்குமா, ப்ரோகிராம் பாதியில் உறைந்துபோனால் அதைக் கண்டுபிடித்து மறுபடி ஓடவைக்கும் சர்க்யூட் எங்கே? இதையெல்லாம் பார்ப்பதுதான் இந்தத் தொழில். கார், வாஷிங் மெஷின், ஆஸ்பத்திரி ஈ.சி.ஜி. கருவி எல்லாவற்றுக்குள்ளும் இதே வேலை இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் ஹார்டுவேர், சாஃப்ட்வேர் என்ற இந்தப் பிரிவினையே அவ்வளவாகக் கிடையாது. 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற கம்ப்யூட்டரில், மின்சாரத்தைத் திறந்து மூடும் சுமார் 18,000 வால்வுக் குழாய்கள். புதுக் கணக்கு ஒன்று போட வேண்டுமென்றால் வயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். அதைச் செய்த ஆறு பேரும் பெண்கள். (உங்களுக்குப் பெண்பிள்ளையும் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.) 1947-இல் வால்வின் வேலையைச் செய்யும் குட்டி டிரான்சிஸ்டர் வந்தது, 1958-இல் ஒரு சர்க்யூட்டையே ஒரு சிறு துண்டில் அடக்கும் ஐ.சி. 1971-இல் இன்டெல் 4004 என்ற ஒரே சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் அடங்கின. மின்னணுவியலையும் ப்ரோகிராமையும் சேர்த்துக் கற்ற ஆட்கள் தேவைப்பட்டதால், தனிப் பட்டப்படிப்புகளும் எழுபதுகளில் தொடங்கின.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழு கம்ப்யூட்டர் கட்டியது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். அவ்வளவு தூரம் ஏன்? உங்கள் அண்ணன் வேலை பார்க்கும் அதே ஊரில், தும்பா விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ராக்கெட்டுக்காகவே விக்ரம் 3201 என்ற 32 பிட் சிப்பை உருவாக்கியிருக்கிறார்கள். ரிப்பேர் கடை பற்றி அவரிடம் பேசும்போது இதையும் கேட்டுப் பாருங்கள்.

இனி சீட்டு விஷயம். கவுன்சிலிங் பட்டியலில் ‘கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்’ என்ற பெயரைத் தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் அந்தப் பாடங்கள் சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஈ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) என்று இரண்டு பிரிவுகளில் பிரிந்து கிடக்கின்றன. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு ஈ.சி.இ. முதல் விருப்பம், சி.எஸ்.இ. அடுத்தது என்பேன். ஆனால் ஈ.சி.இ. எடுத்துவிட்டு ப்ரோகிராம் எழுதக் கற்காமல் இருந்தால் பிரயோஜனமில்லை. சிப் வடிவமைக்கும் வேலைகள் பெரும்பாலும் பெங்களூர், ஹைதராபாத், சென்னையில்தான். படித்து முடித்து நாகர்கோவிலிலேயே இருந்துவிடுவான் என்று நினைக்காதீர்கள்.

சேருவதற்கு முன் ஒரு சோதனை. ஆர்டுயினோ போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், ப்ரோகிராம் எழுதி ஏற்றிப் பழகுவதற்கான குட்டி சர்க்யூட் பலகை அது. ஒரு வாளியில் தண்ணீர் நிரம்பியதும் குட்டி எல்.இ.டி. பல்பு எரியும்படி செய்யச் சொல்லுங்கள். பேட்டரி போதும், வீட்டு கரண்டைத் தொட விடாதீர்கள். வயரை மாட்டிவிட்டு ப்ரோகிராம் எழுதும்போது எரிச்சல்பட்டால் எலெக்ட்ரிக்கல் பக்கம் யோசிக்கலாம். இரண்டிலும் சாப்பாடு மறந்து உட்கார்ந்தால் அவன் கேட்டதையே படிக்கட்டும்.

மேனேஜ்மென்ட் சீட்டை இப்போதே விட்டுவிடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அரசு கவுன்சிலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம் என்று 200-க்குத்தான் கட் ஆஃப் போடுவார்கள். பையனின் மார்க்கை நீங்களே கூட்டிப் பாருங்கள், பள்ளியில் படிப்புச் சான்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். அந்தக் காலேஜுக்கு அட்வான்ஸ் எதுவும் கட்ட வேண்டாம் என்று அண்ணனுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.