11-ஐத் தாண்டாத சேர்வர்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். பழைய டெஸ்க்டொப் ஒன்றில் உபுண்டு போட்டு, படங்களையும் வீடியோக்களையும் வைக்கும் சேர்வராகப் பாவிக்கிறேன். முன்பு நல்ல வேகம். மாரிக்குப் பிறகு லப்டொப்புக்குக் கொப்பி பண்ணினால் செக்கனுக்கு 11 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. இரண்டுமே கேபிளில்தான் இருக்கின்றன. இன்டர்நெட் பக்கேஜைக் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம், அந்தக் காசு மிச்சம். வீட்டுக்குள் ஓடும் தரவு றவுட்டரோடு திரும்பிவிடுகிறது. வெளி இணைப்புக்கு அதில் வேலையே இல்லை.

நீங்கள் எழுதிய 11 தான் பாதி விடை. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 100 மெகாபிட் இணைப்பின் வேகத்தை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், ஒவ்வொரு தரவுப் பொதியோடும் போகும் முகவரி விவரங்களின் சுமை போகக் கையில் வருவது 11 சொச்சம். டிஸ்க் பழுதென்றால் வேகம் ஏறி இறங்கும், இப்படி ஒரே இடத்தில் முட்டி நிற்காது. ஆக, 1000 மெகாபிட்டில், அதாவது ஜிகாபிட்டில், ஓடிய இணைப்பு எங்கோ 100-க்கு இறங்கிவிட்டது.

சேர்வரில் ஈத்டூல் (ethtool) கட்டளையை நெட்வர்க் கார்ட்டின் பெயரோடு கொடுத்து, வேகம் காட்டும் வரியைப் பாருங்கள். அங்கே 1000 என்றிருந்தால் குறை லப்டொப் பக்கத்தில். பிறகு ஐபெர்ஃப்3 (iperf3) என்ற புரோகிராமை இரண்டு கணனியிலும் ஓட்டுங்கள். இது டிஸ்க்கைத் தொடாமல் வலையமைப்பை மட்டும் அளக்கும். 94 மெகாபிட் அளவில் வந்தால் கேபிள் அல்லது போர்ட். 940 வந்தால் வலையமைப்பில் குறையில்லை.

100 மெகாபிட்டுக்குப் பிளக்கின் 1, 2, 3, 6 ஆகிய ஊசிகளுக்குப் போகும் நான்கு வயர் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ ஒரு வயர் விட்டாலும் கார்ட் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். அதனால்தான் 'நெட் இருக்குது, ஆனா ஸ்லோ' என்று தோன்றுகிறது. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்தால் பிளக்கின் ஊசிகளில் பச்சை பூத்துவிடும்.

முதலில் நல்ல குட்டைக் கேபிள் ஒன்றால் சேர்வரை நேரே றவுட்டரில் செருகிப் பாருங்கள். 1000 வந்தால் பழைய கேபிள்தான் குற்றவாளி. வராவிட்டால் றவுட்டரின் வேறு போர்ட். இடையில் றவுட்டரை மாற்றியிருந்தால் அதன் போர்ட்களே 100 தானா என்றும் பாருங்கள். மலிவான பலவற்றில் அப்படித்தான்.

கேபிளின் இரு முனையையும் செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிப் புதிய பிளக் அடியுங்கள். வரிசை: செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, மண்ணிற-வெள்ளை, மண்ணிறம். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்க வேண்டாம். வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம். அதற்குப் பிளக் அடிப்பது வீண். முழுச் செம்புக் கேபிளாகவே மாற்றுங்கள். சுவருக்கு வெளியே போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள்.

கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அது வயர் தொடர்ச்சியைத்தான் காட்டும், ஒரு சோடியின் வயர் இரண்டும் பிரிந்து வேறு சோடிகளோடு கலந்துபோனதைக் காட்டாது. ஈத்டூலில் 1000 வருவதும், கொப்பி பண்ணும்போது பிழைக் கணக்கு கூடாதிருப்பதுமே சரியான சோதனை.

செட்டிங்கில் வேகத்தைக் கையால் பூட்டி வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு முனையில் 100 என்று பூட்டினால் மறுமுனை அரை டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் முறை) இறங்கி, இருக்கிற 11-உம் போய்விடும். தானியங்கியிலேயே விடுங்கள்.

எல்லாம் சரியானால் பெரிய வீடியோ ஒன்று 110 மெகாபைட் அளவில் போகும். படங்களை வெளி டிஸ்க்கில் வைத்திருந்து வேகம் 35-இல் நின்றால், அந்த டிஸ்க் யூஎஸ்பி 2 போர்ட்டில் இருக்கலாம். யூஎஸ்பி 3-க்கான நீலப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஆயிரக்கணக்கான சிறு படங்கள் மெதுவாகத்தான் போகும், அது பழுதல்ல.