தரங்கம்பாடியின் பழைய சுவர்களுக்குச் சிமென்ட் ஏன் ஆகாது?

சிமென்ட் மலிவு, உறுதியும் கூட. பிறகு ஏன் தரங்கம்பாடியின் பழைய வீடுகளுக்கு இன்னும் சுண்ணாம்பையே பூசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் உப்பு. கடலோரத்துச் செங்கல் சுவர் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமென்ட் விடாது. உள்ளே சிக்கிய நீர் வற்றும்போது உப்பு படிகமாகிச் செங்கல்லை உதிர்க்கும். வெளியே பூச்சு பளபளவென்றிருக்க, உள்ளே சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை. அதைப் பக்குவமாகப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரும்பாடு.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனியர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை இங்கேதான் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சாதாரணத் தெரு வீடுகளையும் சீரமைத்தது. கோட்டையைவிட எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியையோ கடல் தின்றுவிட்டது. அலைக்கு எந்தக் காரையும் நிற்காது. கரையில் பாறைகளைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காத்திருக்கிறார்கள்.