மாநிலத்தைப் புறக்கணிக்கலாம், ஹோட்டல் பில் என்ன ஆகும்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய தொழில்முறைச் சங்கத்துக்கு நான் பொருளாளர். அடுத்த ஆண்டு மாநாட்டுக்காக மிசிசிப்பியில் ஒரு ஹோட்டலில் 3 இரவுகளுக்கு 120 அறைகள் பேசி, போன வருடம் கையெழுத்துப் போட்டோம். வாடகை இரவுக்கு 160 டாலர். 180 நாட்களுக்கு முன்பே ரத்து செய்தால் மொத்த வாடகையில் 50 சதவீதம், அதற்குப் பிறகு என்றால் 80 சதவீதம் கட்ட வேண்டும். தன்பால் ஈர்ப்பாளர்களுக்குச் சேவை மறுக்க இடம் கொடுக்கும் சட்டம் அங்கே இருப்பதால் வர மாட்டோம் என்று உறுப்பினர்கள் பலர் சொல்கிறார்கள். செயற்குழுவுக்கும் அதே எண்ணம்தான். 'ஃபோர்ஸ் மஜோர்' (தவிர்க்க முடியாத தடை) ஷரத்தைக் காட்டிப் பைசா கொடுக்காமல் வெளியே வரலாம் என்கிறார் அறை பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட். நம்பலாமா? புறக்கணித்ததற்காக எங்கள் மேல் வழக்குப் போடுவார்களா?

பதில்: ஏஜெண்ட் சொல்வதை நம்பாதீர்கள்.

வழக்குப் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஏற்காத மாநிலங்களில் மாநாடு நடத்தாதீர்கள் என்று அமெரிக்காவின் தேசிய மகளிர் அமைப்பு 1970களில் பிரசாரம் செய்தது. மிசோரி மாநில அரசே அந்த அமைப்பின் மேல் வழக்குப் போட்டது. 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் மாநிலம் தோற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, மிசிசிப்பியின் போர்ட் கிப்சன் ஊரில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்த வழக்கில், அமைதியான அரசியல் புறக்கணிப்பு பேச்சுரிமையில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே மிசிசிப்பிக்குப் போக மாட்டோம் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் போட்ட கையெழுத்துக்கு விலை இருக்கிறது. நீங்கள் சொன்ன கணக்கில் மொத்த வாடகை 57,600 டாலர். இன்று ரத்து செய்தால் 28,800. 180 நாள் கெடு தாண்டிவிட்டால் 46,080. செயற்குழு இன்னும் இரண்டு கூட்டம் போட்டு விவாதிப்பதற்குள் 17,280 டாலர் கூடிவிடலாம். நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வையுங்கள்.

ஃபோர்ஸ் மஜோர் என்பது புயல், வெள்ளம், கொள்ளைநோய், போர் மாதிரி மாநாட்டை நடத்தவே முடியாமல் செய்யும் காரணங்களுக்கானது. ஹோட்டல் திறந்திருக்கிறது, விமானம் பறக்கிறது, உறுப்பினர்களுக்கு வர மனமில்லை என்றால் அந்த ஷரத்து உதவாது. அதோடு, இந்தச் சட்டம் நேற்று வந்ததில்லை. 2016 ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்திட்டார். அமலுக்கு வரும் நேரத்தில் ஒரு நீதிபதி தடை போட்டார். மேல்முறையீட்டில் தடை விலகி, 2017 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அது தெரிந்தே போன வருடம் கையெழுத்துப் போட்டீர்கள் என்றுதான் ஹோட்டல் சொல்லும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அடுத்த ஒப்பந்தத்துக்குத் தேவைப்படும். கையெழுத்துப் போட்ட பிறகு பாகுபாட்டை அனுமதிக்கும் சட்டம் வந்தால் இழப்பீடு இல்லாமல் ரத்து செய்யலாம் என்ற ஷரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். அதில் ஒரு சொல் பிசகினாலும் பணம் போய்விடும். இந்தியானாவைப் பாருங்கள். அங்கே மத சுதந்திரச் சட்டத்தில் ஆளுநர் மைக் பென்ஸ் கையெழுத்திட்டது 2015 மார்ச் 26. மதத்தைச் சொல்லித் தன்பால் ஈர்ப்பாளர்களுக்குச் சேவை மறுக்க இது வழி விடும் என்று நாடு முழுக்க எதிர்ப்பு வெடித்தது. இந்தச் சட்டத்தைக் காட்டிப் பாலியல் நாட்டத்துக்காக யாருக்கும் சேவை மறுக்க முடியாது என்ற திருத்தம் ஏப்ரல் 2-லேயே வந்துவிட்டது. சட்டம் அமலுக்கு வர வேண்டிய நாளோ ஜூலை 1. உங்கள் ஷரத்தில் 'சட்டம் கையெழுத்தானால்' என்று இருந்தால் அந்த ஒரு வாரத்தில் வெளியே வந்திருக்கலாம். 'சட்டம் அமலில் இருந்தால்' என்று இருந்தால் வந்திருக்கவே முடியாது. அமலுக்கு வரும்போது அது திருத்திய சட்டம். அதனால் 'இரு அவைகளிலும் நிறைவேறினாலோ, கையெழுத்தானாலோ, அமலுக்கு வந்தாலோ' என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு திருத்தப்பட்டாலும் ரத்து செல்லும் என்ற வரியையும் கேளுங்கள்.

இனி ஏஜெண்டுகள். உங்களிடம் ஒரு காசும் வாங்காத ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுப்பது ஹோட்டல்தான். இது எத்தனை சங்கங்களுக்குத் தெரியும்? ஹோட்டல் தரும் காகிதத்தை அப்படியே உங்களிடம் நீட்டுவார், ரத்து ஷரத்தில் பேரம் பேச மாட்டார், பிரச்சினை வந்ததும் வாய்மொழியாகத் தைரியம் சொல்வார். அதை ஒரு மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் நான் அப்படிக் கேட்கச் சொன்ன ஒருவருக்குக்கூடப் பதில் வந்ததில்லை. நீங்கள் ரத்து செய்வது வெளியே கசிந்ததும் இன்னொரு கூட்டம் வரும்: உங்கள் அறைகளை வேறு குழுவுக்கு விற்றுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று. கட்டாதீர்கள். வேறு ஊரில் புது இடம் அறிவித்ததும் உங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லி உறுப்பினர்களுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி, இல்லாத அறைக்குக் கடன் அட்டை எண் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் போன வாரம்கூட ஒரு சங்கத்துக்கு விளக்க வேண்டியிருந்தது.

சரி, பில்லைக் குறைக்க வழி? ஹோட்டல் மேலாளரிடம் நேரில் பேசுங்கள். அதே நிறுவனத்தின் ஹோட்டல் வேறு மாநிலத்தில் இருந்தால், மாநாட்டை அங்கே மாற்றிக்கொண்டு இழப்பீட்டை அந்த வாடகையில் கழிக்கச் சொல்லுங்கள். பெயர்ப் பலகை ஒன்றாக இருந்தாலும் முதலாளி வேறாக இருக்கலாம், அதை முதலில் விசாரியுங்கள். காலி அறைக்குத் துணி வெளுப்பும் சுத்தம் செய்யும் செலவும் கிடையாது என்பதைச் சொல்லி 50 சதவீதத்தைக் குறைக்கக் கேளுங்கள். உங்கள் அறைகளை வேறு யாருக்காவது விற்றால் அந்தத் தொகையைக் கழிக்கவும் எழுதி வாங்குங்கள்.

2017-ல் வட கரோலினாவின் சார்லட் நகரில் நடக்க வேண்டிய ஆல் ஸ்டார் ஆட்டத்தை, அந்த மாநிலத்தின் பாகுபாட்டுச் சட்டத்துக்காகக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றியதே என்று உங்கள் உறுப்பினர் யாராவது கேட்பார். வட கரோலினா அந்தச் சட்டத்தை நீக்கி வேறு சட்டம் கொண்டுவந்த பிறகு 2019-ல் ஆட்டம் சார்லட்டுக்குப் போனதும் உண்மை. ஆனால் என்.பி.ஏ.வை விட்டுவிட எந்த ஊருக்கும் மனம் வராது. 120 அறை எடுக்கும் சங்கத்துக்கு அந்தப் பலம் இல்லை.

இந்தச் சுமை உங்களைப் போன்ற சிறிய சங்கங்களின் தலையில் விழுவதுதான் எனக்கு ஆத்திரம். ஹோட்டலும் உணவகமும் இனத்தையோ மதத்தையோ காரணம் காட்டி ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1964-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. பாலியல் நாட்டத்தை அதில் சேர்க்கும் மசோதா 2019-லும் 2021-லும் கீழவையில் நிறைவேறியும் செனட்டில் நின்றுபோனது. அதனால்தான் ஒரு பொருளாளர் மாநாட்டுக்கு ஊர் தேடும்போது மாநிலச் சட்டம், நகரச் சட்டம் என்று ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஹோட்டலுக்கு ரத்துக் கடிதம் போய்ச் சேரும்வரை உறுப்பினர்களுக்கோ பத்திரிகைக்கோ எதுவும் அறிவிக்காதீர்கள். அறிவித்த நாளிலேயே நீங்கள் ஒப்பந்தத்தை முறித்துவிட்டதாக ஹோட்டல் வழக்கறிஞர் வாதாடுவார், பேரம் பேச இடம் இருக்காது. ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு, அப்புறம் காரணத்தை ஊரறியச் சொல்லுங்கள்.