புது வாட்டர் பம்ப்: போல்ட் தலையோரம் கசிவு

எஞ்சினில் புது வாட்டர் பம்ப் மாட்டிய பிறகும் கீழ்ப்பக்க போல்ட்டின் தலையோரம் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்கிறீர்கள். பம்ப்பின் மேல் பழி போடாதீர்கள். பழைய எஞ்சின்கள் பலவற்றில் சில போல்ட் துளைகள் நேராக நீர் ஓடும் அறைக்குள் திறக்கின்றன. மரை வழியாகவே நீர் ஏறி வருகிறது. எஞ்சின் நன்றாக ஆறியதும் கூலன்டை வடித்து, அந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். நுனி ஈரமாக, துருவோடு வந்தால் சந்தேகமே வேண்டாம். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவி முடுக்குங்கள். கசிவை நிறுத்துவதற்காக மேலும் மேலும் இறுக்கவே கூடாது! பழைய வார்ப்பிரும்புக்குள் போல்ட் முறிந்தால் பெரும் தலைவலி.

பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து தொடர்ந்து சொட்டினால் கதை வேறு: உள் சீல் போய்விட்டது, பம்ப்பையே மாற்றுங்கள். துளையை அடைக்காதீர்கள். மீண்டும் கூலன்டை நிரப்பும்போது, வண்டிக்குள் இருக்கும் ஹீட்டருக்குக் கூலன்ட் போகும் வால்வைத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் உள்ளே காற்று தங்கிவிடும்.